கோரைத்திட்டுக்குக் கேட்காத முரசு

வயல் விளைக, ஆறு கரைக்குள் ஓடுக, பசித்த வாய் ஒன்றும் இந்நாட்டில் இல்லாதிருக்க. முத்தாற்று நாடு முழுவதையும் தன் குடைநிழலில் வைத்துக் காப்பவரும், பகைவர் முன் வாள் தாழ்த்தாதவரும், குடிகள் முன் தலை தாழ்த்தத் தயங்காதவருமான பெருமாட்டி எழினி நங்கையார் திருவாய் மலர்ந்தருளியபடி, ஆற்றின் கீழ்க்கரையில் கோரைத்திட்டில் குடியிருந்து, கோரை அறுத்துப் பாய் முடைந்து, அரண்மனை முதல் குடிசை வரை எல்லாரையும் நிம்மதியாகத் தூங்கவைக்கும் ஊரார் அனைவருக்கும், அவருள் நாகாயி என்பாளுக்கும், அவள் மகள் மருதிக்கும் எழுதும் ஓலை. உங்கள் அடுப்புகள் அணையாதிருக்க. உங்கள் பிள்ளைகள் நோய்நொடியின்றி வளர்க.

அரச ஓலை என்றால் வென்ற நாடுகளையும் கவர்ந்த யானைகளையும் சொல்லித் தொடங்குவது முறை. இந்த ஓலைக்கு அதெல்லாம் வேண்டாம் என்று அரசியார் சொல்லிவிட்டார். தலைகுனிந்து எழுதும் ஓலையில் கொடியைத் தூக்கிப் பிடிக்கலாகாது என்பது அவர் கருத்து. எழுத்தாணி பிடித்திருக்கும் ஓலைநாயகம் காரி நம்பன் கொஞ்சம் அலங்காரமாக எழுதும் பழக்கம் உள்ளவன்; இந்த ஓலையில் பூசி மெழுகினால் அவனைக் குதிரை லாயத்துக்கு மாற்றிவிடுவதாக அரசியார் சிரிக்காமல் சொன்னதால், நடந்ததை நடந்தபடியே எழுதுகிறான்.

நீங்கள் அறிந்ததே ஆயினும் முறைப்படி முதலிலிருந்து சொல்லவேண்டும். இந்நாட்டில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு முரசு உண்டு. பொழுது விடிந்ததிலிருந்து பிள்ளைகள் வந்து சேரும் நேரம் வரை அது முழங்கும். அந்த முழக்கம் எந்த ஊர் வரை கேட்கிறதோ அந்த ஊர் வரை அப்பள்ளியின் எல்லை. முரசு கேட்கும் ஊரார் தம் பிள்ளைகளை அனுப்பவேண்டும். முரசு கேளாத ஊருக்கு அரசு தனிப் பள்ளி கட்டித் தரவேண்டும். அரசியாரின் பாட்டனார் இட்ட சட்டம் இது. நல்ல சட்டந்தான். அந்த நல்ல சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு பெரிய தீங்கு செய்யலாம் என்பதற்கு அமைச்சர் தத்தன் விழுப்பரையர் வழிகாட்டியானார்.

விழுப்பரையர் கெட்டவர் அல்லர். அதைச் சொல்லாவிட்டால் ஓலை பொய்யாகிவிடும். கல்விக் காரியம் அவர் கைக்கு வந்தபோது இந்நாட்டுப் பள்ளிகளில் பாதிக்குக் கூரை இல்லை, மீதிக்குக் கிணறு இல்லை. இன்று தொட்டிலில் கிடக்கும் பிள்ளை வளர்ந்து தன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் காலம் வரைக்குமாக அவர் ஒரு நெடுந்திட்டம் வகுத்தார். எந்த ஊர் பெருகும், எந்தப் பள்ளிக்கு எப்போது இன்னொரு கூடம் வேண்டியிருக்கும், பின்னால் கட்டுவதற்கு இப்போதே எங்கே நிலத்தை ஒதுக்கி வைப்பது, எந்தக் கீற்றுக்கூரையை ஓடாக மாற்றுவது என்று ஊர் ஊராக அலைந்து பார்த்தார். உண்ணாமல் உறங்காமல் உழைத்தார். அதையெல்லாம் ஒரு பெரிய சீலையில் வரைந்து, ஒவ்வொரு முரசையும் சுற்றி அதன் ஒலி எட்டும் எல்லையைச் சிவப்பு மையால் கோடிட்டு, அரசவையில் விரித்தார். சிவப்புக் கோட்டுக்கு வெளியே ஓர் ஊரும் இல்லை. அவை கைதட்டியது, அரசியார் முத்திரை வைத்தார். முத்திரை வைத்த கை தன்னுடையது என்பதை விடாமல் எழுதச் சொன்னார் அரசியார்.

அந்தக் கோட்டை இடுவதற்கு முன் முரசின் எல்லையைப் பார்க்க அமைச்சர் தெரிந்தெடுத்தது ஆடி மாதம். பள்ளிகள் ஐப்பசியில் திறந்து பங்குனியில் மூடுகின்றன. ஆடியில் முரசடிப்போருக்கு வேலை இல்லை. அரசு அலுவலரும் ஓய்வாக இருப்பர். ஆகவே அதுவே வசதி என்று எண்ணினார். மேல்கரையில் மருதங்குடிப் பள்ளியின் முரசை அடிக்கச் சொல்லிவிட்டு, தாம் படகேறி வந்து உங்கள் திட்டில் நின்றார். முழக்கம் பக்கத்து வீட்டில் அடித்ததைப் போலக் கேட்டது. திருப்தியோடு தலையாட்டி, கோரைத்திட்டைச் சிவப்புக் கோட்டுக்குள் சேர்த்தார்.

ஐப்பசி பிறந்தது. உங்கள் பிள்ளைகளுக்கு முரசு கேட்கவில்லை. குத்துமதிப்பாகக் கிளம்பி மழையில் ஆற்றைக் கடந்து போன பிள்ளைகள் தாமதமாய்ப் போய்ச் சேர்ந்தார்கள். முரசு ஓய்ந்தபின் வருவோரை உள்ளே விடலாகாது என்ற விதியும் அமைச்சர் எழுதியதே. ஆகவே நனைந்த துணியோடு திரும்பி வந்தார்கள். உங்கள் ஊரார் தலைநகருக்கு நடையாய் நடந்து, எங்களுக்கு முரசு கேட்பதில்லை, சின்னதாக ஒரு கொட்டகையாவது போட்டுத் தாருங்கள் என்று கெஞ்சினார்கள். தாமே நின்று தம் காதால் கேட்டதை இல்லை என்று சொல்ல இவர்களுக்கு எவ்வளவு துணிச்சல் என்று அமைச்சருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளைகளைக் கோரை அறுக்க அனுப்பிவிட்டுச் சாக்குச் சொல்கிறார்கள் என்று முடிவு கட்டினார். தைத் திருநாளில் நாட்டார் எல்லாரும் கூடும் பேரவையில், ஆண்டுதோறும், கோரைத்திட்டைச் செவிகொடாத ஊர் என்று பெயர் சொல்லிக் கூப்பிட வைத்தார். அதன்பின் சந்தையில் உங்கள் பாயைச் செவிட்டுப் பாய் என்று கேலி பேசினார்கள். அந்தக் கேலி அரண்மனைக்குள்ளும் நுழைந்ததையும், இங்கே உள்ளவர்கள் அதற்குச் சிரித்ததையும் மறைப்பதற்கில்லை.

இவ்வாண்டு தலைநகர்ப் பள்ளிக்கு மாடி எழுப்புவதென்று கல்லும் மரமும் வந்து இறங்கின. இன்னும் பள்ளி எட்டாத ஊர் எதுவும் உண்டா என்று அரசியார் கேட்டார். முரசு கேளாத ஊர் ஒன்றும் இல்லை, கேட்டும் வராத ஊர் ஒன்று உண்டு என்று விழுப்பரையர் விடை சொன்னார். அப்படியானால் நீரே போய்ப் புத்தி சொல்லி அழைத்து வாரும் என்று அரசியார் பணிக்க, மார்கழியில் அவர் உங்கள் ஊருக்கு வந்தார். அந்த இரவு நாகாயியின் வீட்டில் தங்கினார். தன் வீட்டுக்கென்று எடுத்து வைத்திருந்த புதுப்பாயை அவள் விரித்துப் போட்டாள்; அவர் நன்றாகத் தூங்கினார்.

விடியற்காலையில் வாசலில் வந்து நின்றுகொண்டார். முரசு முழங்கியதும் ஊராரைக் கூட்டி, இது என்ன ஓசை என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவதென்பது அவர் எண்ணம். வழக்கத்தைவிட ஓங்கி அடிக்கும்படி மருதங்குடிக்கு முன்னமே ஆள் அனுப்பியிருந்தார். கிழக்கு வெளுத்தது. கோழிகள் இறங்கின. தண்ணீர்க் குடங்கள் போயின, வந்தன. முரசு மட்டும் கேட்கவில்லை. முரசடிப்பவன் தூங்கிவிட்டான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, ஏவலன் ஒருவனைப் படகில் அனுப்பினார். போனவன் திரும்பி வந்து, முரசு தோல் கிழியும் வரை அடிக்கப்பட்டது என்றும், முரசடித்தவர் கையைத் தூக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறார் என்றும் சொன்னான்.

அப்போதுதான் அவர் முகத்தில் காற்று பட்டது. கீழ்க்காற்று. உங்கள் வீட்டு அடுப்புப் புகையெல்லாம் ஆற்றைத் தாண்டி மருதங்குடிப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. ஆடியில் மேல்காற்று முரசொலியைத் தூக்கிக்கொண்டு வந்து திட்டில் போட்டிருக்கிறது. பள்ளி நடக்கும் மாதங்களிலோ கீழ்க்காற்று அதை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. பள்ளி மூடியிருக்கும் பருவத்தில் பள்ளியின் எல்லையை அளந்திருக்கிறார். அடடா, நெல் விதைக்கும் சிறுவன்கூட எந்த மாதம் எந்தக் காற்று என்று அறிவான். அவருக்கும் தெரியும். தெரிந்தும் அந்த நினைப்பே அவருக்கு வரவில்லை.

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்த ஓலை இத்தனை நீளம் இராது. அவரோ, என்ன சாமி ஆச்சு என்று நாகாயி கேட்டதற்கு, முரசடிப்பவன் தூங்கிவிட்டான் என்று பொய் சொன்னார். அதற்கு அவள் சொன்ன விடையை ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுதவேண்டும் என்பது அரசியாரின் கட்டளை.

"அவரத் திட்டிப்புடாதீங்க சாமி. அவரு தூங்கியிருக்க மாட்டாரு. எங்களுக்குத்தான் காது சரியில்ல. இங்க நல்லாக் கேக்குதுன்னு நீங்களே வந்து நின்னு பாத்துட்டுப் போனீங்களே, பெரியவங்க பொய்யா சொல்வீங்க? இவ பொறந்ததுலேருந்து பூண்டெண்ண காச்சி ரெண்டு காதுலயும் விட்டுக்கிட்டுத்தான் வர்றேன். இன்னும் தெறக்கல."

சொல்லிக்கொண்டே அவள் மருதியின் தலையை மடியில் சாய்த்து, வெதுவெதுப்பான எண்ணெயைக் காதில் விட்டாள். குழந்தை எரிகிறது என்று முகத்தைச் சுளித்தது. ஆனாலும் அசையாமல் கிடந்தது. அந்த வீட்டில் மட்டுமா, எந்த வீட்டு எறவாணத்தைப் பார்த்தாலும் ஓர் எண்ணெய்ச் சிமிழ் தொங்கியது. அமைச்சர் அடித்தொண்டையில், அருகில் நிற்பவருக்கே கேட்டும் கேளாத அளவில், மருதி என்று மெல்லக் கூப்பிட்டுப் பார்த்தார். குழந்தை சட்டென்று கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது.

அதன்பின் அவரால் அங்கே நிற்க முடியவில்லை. அரசு சொன்னதை நம்பி ஓர் ஊரே தன் காதைச் சந்தேகித்திருக்கிறது. உன் மகள் காதில் ஒரு குறையும் இல்லையம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைச் சொன்னால் குறை யாரிடம் என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்து, சொல்லாமலே படகேறினார். நாட்டின் அமைச்சர், பிள்ளைக்காரி ஒருத்திக்குப் பயந்து ஓடினார். நடு ஆற்றில் படகைத் திருப்பச் சொல்ல வாயெடுத்தும், வாயை மூடிக்கொண்டார்.

தலைநகரில் சில நாள் நோய் என்று சொல்லி வீட்டுக்குள் கிடந்தார். மாடிக்குக் கால்கோள் செய்யும் நாளில் அவையில் எழுந்து, கோரைத்திட்டில் கண்டதைச் சொல்லித் தீர்த்தார். சொல்லும்போது அரசியார் முகத்தை அவர் பார்க்கவில்லை. காற்றைப் பற்றிச் சொன்னபோது அவையில் சிலர் சிரித்தார்கள். எண்ணெயைப் பற்றிச் சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது. அரசியார் ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு வந்தீரா?" விழுப்பரையர் இல்லை என்றார். அவர் அன்று கூனிக் குறுகி நின்றதை அவை முழுவதும் கண்டது. அரசியாரும் அரியணையில் உட்கார மனமின்றி எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஆகவே அரசியார் ஆணையிடுவது: கோரைத்திட்டு மக்களே, உங்கள் காதுகளில் எந்தக் குறையும் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. இந்த வரி வாசிக்கப்பட்டவுடனே எண்ணெய்ச் சிமிழ்களை இறக்கிவிடுங்கள்.

தலைநகரில் மாடி எழாது. அதற்கு வந்த கல்லும் மரமும் ஆற்றுவழியே உங்கள் துறைக்கு வந்து சேரும். பள்ளிக்கு இடம் காட்டவேண்டியவர்கள் நீங்கள். வெள்ளம் ஏறாத மேடாகவும், உங்கள் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு இன்னொரு கூடம் கட்ட இடம் விட்டதாகவும் பார்த்துச் சொல்லுங்கள். கட்டடம் எழும் வரை ஆசிரியர் உங்கள் ஊரிலேயே வந்து தங்கிக் கற்பிப்பார். படிக்கும் பருவத்தில் படிக்க முடியாமற்போன பெரிய பிள்ளைகளுக்கும் மாலையில் கற்பிக்கவேண்டும்; அவர்களுக்கு நடந்த அநியாயம் இதனால் தீராது என்பதும் அரசியாருக்குத் தெரியும். நாடெங்கும் முரசின் எல்லை இனிப் பள்ளி நடக்கும் மாதங்களிலேயே, பிள்ளைகள் இருக்கும் இடத்தில் நின்று பார்க்கப்படும். சிவப்புக் கோடிட்ட சீலை திரும்ப வரையப்படும். தைப் பேரவையில் செவிகொடாதவர் என்று இனி ஓர் ஊரின் பெயரும் கூப்பிடப்படாது. வருகிற தையில் ஒரே ஒரு முறை, அரசியார் தம் பெயரைத் தாமே அப்படிச் சொல்லிக்கொள்வார்.

இனி, இந்த ஓலையை வாசிக்க உங்கள் ஊரில் ஒருவரும் இல்லை என்பதை எழுதும்போது எழுத்தாணி கூசுகிறது. அப்படி ஆக்கியவர்கள் நாங்களே. ஆகையால் வாசிப்பவரையும் சேர்த்து அனுப்பியிருக்கிறோம். உங்கள் முன் நின்று இதை வாசிப்பவர் யார் என்று நாகாயிக்குத் தெரியும்.

தத்தன் விழுப்பரையர் இதைத் தம் வாயாலேயே, உட்காராமல், முதலிலிருந்து கடைசி வரை வாசிக்கவேண்டும் என்பது ஆணை. தொண்டை அடைத்தால் தண்ணீர் கொடுங்கள். பாதியில் நிறுத்த விடாதீர்கள். அவரை மன்னிக்கும்படியோ அரசை மன்னிக்கும்படியோ இந்த ஓலையில் ஆணை எதுவும் இல்லை. அந்த அதிகாரம் அரசுக்குக் கிடையாது.

வாசித்து முடித்ததும் அவர் இந்த ஓலையை மருதியின் கையில் கொடுத்துவிடவேண்டும். எழுத்துக் கற்றுத் தேறியபின் ஒருநாள் அவள் அவரை வரவழைத்து, ஊரார் நடுவில் இதைத் தானே உரக்க வாசித்து, இன்று அவர் ஏதாவது ஒரு வரியை விழுங்கிவிட்டாரா என்று சரிபார்த்துச் சொல்லவேண்டும். அதுவரை அவருக்கு அமைச்சர் பட்டம் இல்லை. அவர் விழுங்கவில்லை என்று அவள் சொன்னால்தான் உண்டு.

நாரை முத்திரை பொறித்து, அரசி எழினி நங்கையார் தம் கையெழுத்திட்டு விடுத்தது. கோரைத்திட்டு வாழ்க.