உன் பெயரில் இல்லாத கணக்கு

இன்று காலை உன் மகள் வந்து என் மேசைமேல் ஒரு துணி முடிச்சை வைத்தாள். அவிழ்க்காமலே தெரிந்துவிட்டது, உள்ளே பணம். கூனிக் கருவாட்டுப் பானைக்குள் ஒளித்து வைத்த நோட்டுகளுக்கு ஒரு வாசம் உண்டு. உனக்குத் தர வேண்டியதில் கடைசிப் பகுதியை நான் சில வாரங்களுக்கு முன்புதான் அவளிடம் கொடுத்து முடித்தேன். ஓய்வூதியத்திலிருந்து எடுத்த புதிய நோட்டுகள். உன் வீட்டுப் பானையில் கொஞ்ச காலம் குடியிருந்துவிட்டு உன் வாசத்தோடு திரும்பி வந்திருக்கின்றன.

"நீங்களே வச்சிக்கோங்க பெரிம்மா. வூட்ல வச்சா அவரு எட்த்துடுவாரு. பேங்க்ல போட்டா முங்கிடும். காலேசுகிட்ட குடுத்தா எங்கயும் போவாதுன்னு அம்மா சாவும்போதுகூட சொல்லிச்சி," என்றாள்.

காலேசு. காட்டூர்ப் பக்கத்திலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் என்பதற்காக நீ எனக்கு வைத்த பெயர். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று நான் கேட்டதில்லை.

இறந்துவிட்டாய் என்பதற்காக உன்னை நல்லவளாக்கி எழுதப் போவதில்லை. இறாலோடு ஏரித் தண்ணீரையும் சேர்த்து எடைபோட்டு விற்றவள் நீ. இடுப்பளவு நீரில் குனிந்து, பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பாய். நீ பேசாமல் இருந்த நேரம் அது ஒன்றுதான். கரையேறியதும் பறியை இறக்கி வைத்துவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொள்வாய். "முட்டி ரெண்டும் பூடிச்சி காலேசு. ஒரு தோணி மட்டும் வாங்கிட்டேன்னு வையி, மகாராணி மாதிரி குந்திகினு வலை போடுவேன். நீ கரையில நின்னு கை ஆட்டு." உன் சேமிப்பு முழுவதும் அந்தத் தோணிக்காகத்தான்.

பழைய நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த வாரத்தில் நீ ஓடி வந்தாய். "எம் பணம் கருவாடாப் பூடிச்சே!" என்று நீ இட்ட ஓலத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. அந்த நோட்டுகளை நகரத்தில் இருந்த சிறிய கூட்டுறவு வங்கியில், என் கணக்கில் போட்டேன். அது அவசரத்துக்குச் செய்த உதவி. அதற்குப் பின் செய்தது உதவியல்ல.

உன்னைப் பார்த்து மற்றப் பெண்களும் வந்தார்கள். எனக்குக் கணவனில்லை, பிள்ளையில்லை, பூட்டு நன்றாக வேலை செய்யும் பீரோ இருந்தது. பொருளாதாரம் படித்துப் பள்ளியில் கற்பித்தவள் அல்லவா, இறங்குதுறையில் நின்று உங்களுக்குப் பாடமும் எடுத்தேன். பானையில் இருக்கும் பணத்துக்கு யாரும் பொறுப்பில்லை. சில வருடங்கள் கழித்து அரசு காப்பீட்டை உயர்த்தியதும், இனி வங்கி மூழ்கினாலும் ஒருவருக்கு ஐந்து லட்சம் வரை கிடைக்கும் என்றேன். நம்பினீர்கள். நம்பியதால் நீ சரியான கேள்வியையும் கேட்டாய்.

"அப்ப எம் பேர்லயே ஒரு கணக்கு தொறந்து குடேன்."

"நான் இருக்கும்போது உனக்கு எதுக்குடி தனிக் கணக்கு? உன் கையெழுத்து ஒரு தடவை போட்ட மாதிரி இன்னொரு தடவை வராது."

நீ சிரித்தாய். "அதுவும் கரீட்டுதான். கவுருமெண்டு காவல் ஒண்ணு, காலேசு காவல் ஒண்ணு."

கணக்குத் தொடங்குவது ஒரு காலை நேரத்து வேலை. கைநாட்டுக்கும் கணக்கு உண்டு என்பது எனக்குத் தெரியும். ஆனால் அப்படிச் செய்திருந்தால் நீங்கள் வங்கிக்குப் போயிருப்பீர்கள், என் கூடத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "எம் பணம் பத்திரமா?" என்று என்னைக் கேட்டிருக்க மாட்டீர்கள். அந்தத் தாழ்ந்த குரல் எனக்குப் பிடித்திருந்தது. இதைவிட நாகரிகமான காரணம் எதையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த வங்கியில் பணம் எடுக்கத் தடை வந்தபோது நீங்கள் எல்லோரும் என் வாசலில் நின்றீர்கள். காப்பீடு இருக்கிறது, பயப்படாதீர்கள் என்று நிமிர்ந்து நின்று சொன்னேன். சொல்லிவிட்டு உள்ளே திரும்பும்போதுதான் உறைத்தது. வங்கிக்கு உங்களைத் தெரியாது. உங்கள் எல்லோருடைய பணமும் என் சேமிப்பும் சேர்ந்து, வங்கியைப் பொறுத்தவரை, ஒரே ஒருத்தியின் பணம். சில மாதங்களில் காப்பீட்டுத் தொகை வந்தது, எனக்கு உரிய ஐந்து லட்சம். மிச்சம் உள்ளே நின்றுவிட்டது. தனித்தனிக் கணக்கு இருந்திருந்தால் உங்களில் ஒருத்திக்குக்கூட ஒரு ரூபாய் குறைந்திருக்காது.

வந்ததை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தேன். நீ, "எனக்கு மெதுவாக் குடு. இப்பக் குடுத்தா மருமவன் மோப்பம் புடிச்சிகினு வந்துடுவான்," என்றாய். நான் வேண்டிய அளவுக்கு மேல் விரைவாகத் தலையாட்டினேன். ஓய்வூதியத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திருப்பித் தர முடிந்தது. கொடுத்தது மருந்துக்கும் அரிசிக்கும் போனது. நீ பறியைக் கவ்விக்கொண்டு தண்ணீரில் இறங்கிக்கொண்டே இருந்தாய். போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து போய்விட்டாய்.

ஊர் இதிலிருந்து ஒரு கதை கட்டிக்கொண்டது: வங்கி மூழ்கியது, காலேசு மட்டும் கைக்காசு போட்டுக் கடைசிவரை கொடுத்தாள். வேறு வங்கிகளில் சொந்தக் கணக்கு வைத்திருந்த பெண்கள்கூடப் பணத்தை எடுத்துப் பானைக்குள் போட்டார்கள். சாலையில் என்னைக் கண்டால் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டுவிட்டு நடந்தேன். உங்கள் பெயரில் கணக்குத் திறக்காதது தவறு. இது பொய்.

இன்று உன் மகளை உட்கார வைத்து, மேலே எழுதியதை ஒன்று விடாமல் சொன்னேன். உன் முகவாய் அவளுக்கு. முடிச்சைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அம்மா பேர்ல போட்டிருந்தா முழுசா வந்திருக்குமா?"

"வந்திருக்கும்."

"அப்பவேவா?"

"சில மாசத்துல."

"அம்மாவுக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "அப்போ தோணி வாங்கிருக்கும்," என்றாள். முடிச்சை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் செருப்பைத் தேடினேன்.

"நீங்க வர வேணாம் பெரிம்மா. எம் பேர்ல நானே தொறந்துக்கிறேன்."

சாலையில் அவள் பேருந்துக்குக் கை காட்டுவதை சன்னல் வழியாகப் பார்த்தேன். இன்னும் சில வீடுகளுக்கு நான் போக வேண்டும், பானைகள் இருக்கும் வீடுகளுக்கு. என்னைக் கும்பிடுபவர்கள் அதற்குப் பிறகு குறைவார்கள்.

இப்போது என்னிடம் யாருடைய பணமும் இல்லை. நீ வாங்காமல் போன தோணி மட்டும் இருக்கிறது. அதைத் திருப்பிக் கேட்க யாரும் வரப்போவதில்லை.