துண்டுக்கு அடியில் ஒரு கிரைண்டர்

ஜூன் 3, செவ்வாய்

என்ன நோட்டே, நல்லாயிருக்கியா? பத்து நாளாய் உன்னைத் தொடவில்லை. என் வீட்டுக்காரி கமலாவின் கிரைண்டர் மோட்டார் புகைந்துபோனது. மூலக்குளத்தில் அவள் போடும் இட்லிக்கடை நாலு நாளாய் மூடிக்கிடக்கிறது. வாடிக்கைக்காரர்கள் எதிர்க்கடைக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள். போனில் ஏலம் விடுகிறார்களாம், பழைய கிரைண்டர் பாதி விலைக்கு வருமாம். நான் எடுக்கிறேன் என்றேன். மகள் சுடர்விழி சிரித்தாள். "எப்பா, உனக்கு எதுக்கு இந்த வேலை? ஏமாந்துடுவ."

முப்பது வருஷம் மாட்டுத் தரகு பார்த்தவன். நானா ஏமாறுவேன்?

ஜூன் 5, வியாழன்

கடலூர்க்காரன் ஒருத்தன் கிரைண்டர் போட்டிருக்கிறான். படத்தில் பளபளவென்று இருக்கிறது. ஒருமுறை சந்தையில் ஒருத்தன் கிழட்டு எருதின் கொம்பைச் சீவி எண்ணெய் தடவி ஓட்டிவந்தான். நான் வாயைத் திறந்து பல்லைப் பார்த்துத் திருப்பி அனுப்பினேன். அவன் வேட்டிகூட — அது கிடக்கட்டும். கிரைண்டருக்குப் பல் ஏது? ஏலம் கேட்டுவிட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

அவனே தனியாய்ச் செய்தி அனுப்பினான். "ஏலத்த விடுங்க ஐயா. நமக்குள்ள முடிச்சிக்கலாம், ரெண்டாயிரம் கம்மி. என் நம்பருக்கே பணம் போட்டுடுங்க."

மனசு குளிர்ந்துபோனது. மாட்டுச்சந்தையில் விலையைக் கத்தியா சொல்வோம்? துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தானே பேசுவோம். நம்ம ஆள்தான் என்று நினைத்து, சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கமலா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். "துண்டுக்கடியில பேசறப்ப மாடு எதுருல நின்னுச்சு. இங்க என்னாங்க நிக்குது?"

இவளுக்கு என்ன தெரியும்? — எனக்குத்தான் ஒண்ணும் தெரியல. ஆனா வாக்கு குடுத்துட்டேனே.

ஜூன் 7, சனி

அவனுக்குப் போன் போட்டேன்.

"நேர்ல வர்றேன். ஒரு படி அரிசி போட்டு ஓட்டிக் காட்டு. அங்கயே பணம் தரேன்."

"பெரியவரே, வாக்கு குடுத்துட்டு இப்பிடிப் பேசலாமா? ஒரு மணி நேரத்துல வேற ஆளுக்குப் போயிடும்."

"போவட்டும். மாட்டக் காட்டாதவனுக்கு வாக்கு கெடையாது."

வைத்துவிட்டான். மறுபடி அடித்தால் போகவே இல்லை.

சுடர்விழி, "விட்டுடுப்பா" என்றாள். மாட்டேன். ஏலத்தில்தான் வாங்குவேன்.

ஜூன் 9, திங்கள்

திண்டிவனத்து அம்மா ஒருவர், சுமலதா என்று பேர், ஏலத்தில் கிரைண்டர் போட்டிருக்கிறார். அவரிடம் முன்பு வாங்கினவர்கள் எழுதிவைத்ததையெல்லாம் சுடர்விழியைப் படிக்கச் சொன்னேன். குறை சொன்னதை மட்டும் இரண்டு தடவை. ஓட்டிக் காட்டச் சொன்னதும் உளுந்து போட்டே ஓட்டி வீடியோ அனுப்பினார். நெளிந்த இடத்தையும் அவரே காட்டினார். எடுத்துவிட்டேன். பணம் ஏலக்காரர்களிடம் நிற்கும். சாமான் சரி என்று நான் சொன்ன பிறகுதான் அந்த அம்மாவுக்குப் போகும்.

ஜூன் 16, திங்கள்

முந்தாநாள் வந்துசேர்ந்தது. கொண்டுவந்தவர் கையெழுத்துக் கேட்டு அவசரப்பட்டார். பெட்டியைப் பிரித்து, அரிசி போட்டு, கல் சுற்றும்வரை நிற்கவைத்தேன். முறைத்தார். முறைக்கட்டும்.

இன்று காலை கடை திறந்தாயிற்று. எதிர்க்கடைக்குப் போனவர்களில் மூன்று பேர் திரும்பிவிட்டார்கள். நாலாவது ஆள் கோவிந்தசாமி, அவர் மச்சான் ஒருமுறை கறவை மாடு ஒன்றைப் பார்க்காமலே வாங்கி — கமலா கூப்பிடுகிறாள், "ஏங்க, மாவு வழியுது, வந்து தள்ளுங்க" — அந்த மாட்டை வீட்டில் கொண்டுவந்து கட்டினால், அது — மறுபடி கூப்பிடுகிறாள், மிச்சம் நாளைக்கு.