ஊக்கு தெரியும் எக்ஸ்ரே படத்தைத் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்:
தையல் அறைப் பணியாளர்,
சலவைக் கூடத்துக்கு அடுத்த அறை, மருத்துவமனைப் பின்கட்டு.

பெறுநர்:
மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: நிதி திரட்டும் ஆடை அணிவகுப்புக்குத் தைத்த அங்கியிலிருந்து ஒரே ஒரு படத்தைப் பிரித்தெடுக்க அனுமதி மறுக்கப்பட்டது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. குழந்தைகள் பிரிவுக்காக நடந்த அணிவகுப்பில் கடைசியாக மேடையேறிய நீண்ட அங்கியைத் தைத்தவள் நான். அறுவைக் கருவிகளைச் சுற்றிக் கட்டும் பச்சைத் துணியில் பாவாடை, காலாவதியான சலைன் குழாய்களைப் பின்னி இடுப்புப் பட்டி, கழித்துப்போட்ட எக்ஸ்ரே படங்களை மீன் செதில்போல் அடுக்கி மேலுடை என்ற யோசனையும் என்னுடையதே. தாங்கள் எழுந்து நின்று கைதட்டியதைத் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். நன்றி.

2. படங்கள் என்னிடம் வரும்போதே பெயருள்ள ஓரம் வெட்டப்பட்டிருந்தது. அதில் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தபோது தோள் எலும்பின் மேல் ஓர் ஊக்கு வெள்ளையாகத் தெரிந்தது. முதுகு வளைந்த ஊக்கு. கத்தரிக்கோல் கையிலேயே நின்றுவிட்டது. அது என் மகளின் படம்.

3. அவளை இங்குள்ளவர்கள் 'வாயாடி' என்றுதான் அழைப்பார்கள். "படம் எடுக்கணும்" என்று செவிலியர் சொன்னதை அவள் போட்டோ என்று எடுத்துக்கொண்டாள். தலைவாரிப் பவுடர் போட்டால்தான் வருவேன் என்று ஒரே அடம். சட்டையின் தோள் பொத்தான் வேறு அறுந்திருந்தது. தையல்காரி மகளுக்கே பொத்தான் இல்லையென்றால் ஊர் சிரிக்கும் என்று அவசரத்துக்கு என் ஊக்கைக் குத்திவிட்டேன். ஊக்கும் படத்தில் பதிந்துவிட்டதால் அதைக் கழித்துவிட்டு மறுபடம் எடுத்தார்கள். வெளியே வந்ததும், "நான் சிரிச்சேன்மா, படத்துல தெரியுதா?" என்று கேட்டாள். "நல்லாத் தெரியுதுடி" என்றேன். வைத்தியம் பலிக்கவில்லை. அதில் யார் மீதும் எனக்குக் குறை இல்லை.

4. கண்டதும் ஏன் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை என்று தாங்கள் கேட்கலாம். வாயாடிக்கு மேடை என்றால் உயிர். பள்ளி நாடகத்தில் மரமாக நிற்க வைத்தாலும் பேசிவிட்டுத்தான் இறங்குவாள். ஒருமுறை நடந்துவிட்டு வரட்டும் என்று இடது தோளில் வைத்துத் தைத்தேன். அங்கி தையல் அறைக்கே திரும்பும் என்று நம்பியிருந்தேன்.

5. அது இப்போது பண்டக அறையில் பூட்டிக் கிடக்கிறது. படங்களிலிருந்து வெள்ளி பிரிக்கும் வியாபாரி வருகிற வெள்ளிக்கிழமை எடுத்துச் செல்கிறாராம். நான் கேட்டதற்குப் பண்டகக் காப்பாளர், "பேரே இல்லியேம்மா, எப்படி நம்புறது? எலும்பெல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும்" என்றார். நல்ல மனிதர்தான், விதியைச் சொன்னார். ஆனாலும் பெற்றவளிடம் சொல்கிற வார்த்தையா அது? வியாபாரியின் தொட்டியில் இறங்கினால் படம் கரைந்துபோய் வெறும் தாள்தான் மிஞ்சும்.

6. பெயருக்குப் பதிலாக அந்த ஊக்கையே சான்றாக இணைத்துள்ளேன். அன்று கழற்றியதிலிருந்து என் ஊசிப் பெட்டியில்தான் இருந்தது. அதன் வளைவைப் படத்தோடு ஒட்டிவைத்துப் பார்க்கப் பணிவுடன் வேண்டுகிறேன். பொருந்தினால் அந்த ஒரு படத்தை மட்டும் தர உத்தரவிட வேண்டும். நாலு தையலைப் பிரித்தால் போதும். அதை நானே வந்து பிரிக்கிறேன். வேறு கை பட்டால் கிழிந்துவிடும்.

7. அவளுடைய போட்டோக்கள் வீட்டில் வேறு உண்டு. எல்லாவற்றிலும் உம்மென்றுதான் இருக்கிறாள். சிரித்தேன் என்று அவளே சொன்ன படம் இது ஒன்றுதான். எனக்கு இப்போதும் நன்றாகத் தெரிகிறது, ஐயா.

வெள்ளிக்கிழமைக்குள் தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,

(கையொப்பம்)
தையல் அறைப் பணியாளர்,
வாயாடியின் அம்மா.

இடம்: தையல் அறை
நாள்: திங்கட்கிழமை

இணைப்பு: ஊக்கு ஒன்று. பார்த்தபின் திருப்பித் தரவும்.