நீ விழுங்காத குளிசைகள்

என்ர அன்பு மச்சான் பேனாட்,

நீ போய் முப்பத்தோராம் நாளும் முடிஞ்சுது. கோயிலில பூசை குடுத்தம், வந்தவைக்குச் சாப்பாடும் குடுத்தம். எல்லாரும் உன்னைத் தங்கமான மனுசன் எண்டுதான் கதைச்சினம். நான் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு மூலையில இருந்தனான். எனக்குத் தெரிஞ்சதை அங்க சொல்லியிருந்தா, உன்ர மனிசி, அதுதான் என்ர தங்கச்சி றோஸ்லின், என்னைச் சும்மா விட்டிருப்பாளோ?

எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே மாதத்தில பிரஷர் எண்டு பிடிபட்டது உனக்கு நினைவிருக்கும். நோவில்லை, காய்ச்சலில்லை, ஒரு தலையிடி கூட இல்லை. "சாகும்வரைக்கும் போடவேணும்" எண்டு டொக்டர் குளிசையை நீட்ட, "அப்ப இதுவும் கலியாணம் மாதிரித்தான்" எண்டு சிரிச்சனீ. டொக்டர் சிரிக்கேல்லை.

ஆனா அந்தக் குளிசை போட்டா அடிக்கடி ஒண்டுக்குப் போகவேணும். கொழும்புக்குள்ள, கொட்டாஞ்சேனையில இருந்து வெள்ளவத்தைக் கடைக்கு பஸ்ஸில வேலைக்குப் போற உனக்கு அது எவ்வளவு கஷ்டம்! செக்பொயின்டில ஆமிக்காரர் எல்லாரையும் இறக்கி வரிசையில விடுவாங்கள். ஐடென்டிட்டி கார்டில பிறந்த இடம் யாழ்ப்பாணம் எண்டு கிடந்தா ஓரமா நிக்கவேணும். அப்பிடி நிண்ட ஒரு நாள் உனக்கு அடக்க ஏலாமல் போச்சு. ஐம்பத்தினாலு வயசில, பஸ்ஸில வந்த அவ்வளவு சனத்துக்கும் முன்னால. புறக்கோட்டையில என்ர கடைக்கு வந்து, துணிக்கட்டுகளுக்குப் பின்னால இருந்து அழுதனீ.

அப்பதான் நான் பெரிய கெட்டிக்காரன் மாதிரி உனக்குப் புத்தி சொன்னனான். "வேலை நாளில போடாத, மச்சான். கிளினிக்குக்கு மூண்டு நாளைக்கு முன்னம் ஒழுங்காப் போடு, கருவாட்டை விடு, தம்பிலி இளநி குடி. பிரஷர் இறங்கிடும். டொக்டரும் சந்தோசப்படுவார்." அவரும் சந்தோசப்பட்டுத்தான் இருந்தவர். பிரஷர் குறிக்கிற கொப்பியைப் பார்த்துப் பார்த்து உன்னைப் புகழ்ந்தவர்.

றோஸ்லின் விடியக் காலமை குளிசையும் தண்ணியுமா வந்து முன்னால நிப்பாள். நீ வாயில போடுற மாதிரிக் காட்டி உள்ளங்கையில ஒளிச்சுக்கொண்டு வந்து, சந்தியில இருக்கிற கழிவுத்தண்ணிக் கானுக்குள்ள எறிஞ்சிட்டு பஸ் ஏறுவாய். பாவி, நானும் அதைத்தானே செய்தனான்!

நீ போனதுக்கு முதல் நாள் உன்னை விசாரிக்கவெண்டு பொலிசுக்குக் கொண்டுபோய் அரை நாள் வைச்சிருந்தாங்கள். வந்து ஒருத்தரோடயும் ஒரு சொல்லுக் கதைக்கேல்லையாம். அடுத்த நாள் காலமையும் நீ வாய் திறக்கேல்லை. றோஸ்லினுக்கு விசர் வந்திட்டுது. "இப்பிடிக் கல்லு மாதிரி இருக்கிறதெண்டா எங்கயாவது போய்த் தொலையுங்கோவன்!" எண்டு கத்திப்போட்டாள். நீ சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிஞ்சனீ. பிறகு நிமிரவே இல்லை.

எது மச்சான் உன்னைக் கொண்டுபோனது? என்ர புத்தியோ, பொலிசோ, அவள்ட வாயோ? உன்ர பேரைச் சொல்லாமல் டொக்டரிட்டக் கேட்டுப் பார்த்தன். "ஒண்டை மட்டும் காட்டிச் சொல்ல ஏலாது. ஆனா குளிசை போட்டிருந்தா தப்ப இடமிருந்திருக்கும்" எண்டார். சில நாளைக்கு நான் பொலிசைத் திட்டித் தீர்ப்பன், ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்துக்கு மனம் ஆறும். பிறகு திரும்பவும் முதலில இருந்து துவங்கும். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை.

நான் இப்ப ஒரு நாளும் தவறாமல் போடுறன். வரிசையில ஒண்டுக்கு முட்டினா, ஆமிக்காரப் பெடியனைச் சிங்களத்தில தம்பியெண்டு கூப்பிட்டுச் சொல்லிப்போடுறன்: "மல்லி, இது பிரஷர் குளிசை செய்யிற வேலை." ஒருத்தன் சிரிச்சுக்கொண்டு பக்கத்துத் தேத்தண்ணிக் கடையின்ர கக்கூசைக் காட்டினான். இன்னொருத்தன் கத்தினான். இப்பிடிக் கேட்கலாம் எண்டு அண்டைக்கு எனக்கேன் தோன்றேல்லை? நீ கேட்டிருந்தாலும், யாழ்ப்பாணம் எண்டு கிடக்கிற உன்ர கார்டைப் பார்த்துப்போட்டு விட்டிருப்பாங்களோ?

போன கிழமை றோஸ்லினுக்குத் தலை சுத்தினதெண்டு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனன். நேர்ஸ் நம்பாமல் ரெண்டு தரம் அளந்து பார்த்தா. ஓம் மச்சான், அவளுக்கும் பிரஷர், உன்னை விடக் கூட. வீட்டுக்கு வந்ததும் குளிசைப் பக்கெற்றை அலுமாரிக்கு மேல எறிஞ்சாள்.

"அண்ணா, அந்த மனுசன் ஒரு நாள் தப்பாமல் போட்டவர். என்ர கையால குடுத்தனான். அவரைக் காப்பாத்தாத குளிசை என்னைக் காப்பாத்துமோ? அவரைக் கொண்டுபோனது என்ர வாய். எனக்கு வாறது வரட்டும்."

நான் வாயைத் திறந்தனான். திறந்து, "தேத்தண்ணி ஒண்டு ஊத்தித் தா" எண்டு கேட்டு, அதைக் குடிச்சுப்போட்டு வந்திட்டன். வெட்கங்கெட்டவன்.

அண்டையில இருந்து அஞ்சு நாளாச்சு. அவள் இன்னும் ஒண்டும் போடேல்லை. அவள்ட பிடிவாதம் உனக்குத் தெரியாததோ? நான் உன்ர மானத்தைக் காப்பாத்துறனோ, என்ர மானத்தையோ எண்டு யோசிச்சு யோசிச்சுத் தலை வெடிக்குது. உன்ர மானமெண்டு சொல்லி ஒளிக்கப் பார்க்கிறன், ஆனா பயம் எனக்குத்தான்.

நாளைக்குக் காலமை போறன். "உன்ர வாயால அவர் போகேல்லை" எண்டு அவளுக்குச் சத்தியம் பண்ண எனக்கு ஏலாது, எனக்கே தெரியாது. நீ குளிசை போடேல்லை எண்டும், போடாத எண்டு சொன்னவன் நான்தான் எண்டும் சொல்ல ஏலும். கோவிக்காத மச்சான், பஸ் வரிசையில நடந்ததையும் சொல்லத்தான் வேணும். அவள் ஏசட்டும், செருப்பால அடிக்கட்டும், இனி இந்தப் படி ஏறாத எண்டு கலைக்கட்டும். அவள் குளிசையை விழுங்கி, தண்ணி குடிச்சு, வாயைத் திறந்து எனக்குக் காட்டும்வரைக்கும் அந்த வீட்டை விட்டு அசைய மாட்டன். இது உனக்கு நான் தாற வாக்கு.

உனக்குப் பொய் பழக்கின
உன்ர மனிசியின்ர அண்ணன்,
சேவியர்