நகரத்தை விட்டுப் போன பெண்

ஜூலை 6, 2025
குணா அண்ணா லைவில் என் பேரைச் சொன்னார்!! "டெல்லி சுபாஷிணி வந்தாச்சா?" தியானமே அவர் வீடியோ பார்த்துக் கற்றதுதான். இரண்டு வருடமாக அவர் சேனல் சாட்டைக் கவனிக்கும் மாடரேட்டர் நான்தான். சந்தோஷத்தில் வாய்ஸ் நோட் அனுப்பினேன்: நம் தமிழாட்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்பை இடித்துவிட்டார்கள், டெல்லியின் கோடியில் நரேலாவில் வீடு தந்தார்கள், சுற்றி வயல், ஒரே அமைதி. கேம்பில் ரயில் இரைச்சலில் இருபது நிமிடம் தியானத்தில் உட்காருவேன். இங்கே இரண்டு நிமிடம் முடியவில்லை. ஏன் அண்ணா?

ஜூலை 9
பதில் இல்லை. கேம்பிலிருந்து அம்மா நடந்தே போய்ப் பாத்திரம் தேய்த்த ஜங்புரா வீடுகளுக்கு இப்போது மூன்று பஸ்.

ஜூலை 12
வீடியோ வந்திருக்கிறது. "நகரத்தை விட்டு அமைதியைத் தேடிப் போன பெண்." என் குரல்! "சுற்றி வயல், ஒரே அமைதி." அதோடு வெட்டு. பின்னால் புல்லாங்குழல். கீழே அவர் நடத்தும் கிராமத் தியான முகாமுக்கு லிங்க்.

தேடிப் போனேனாம்ல! புல்டோசர் வந்துச்சுய்யா!

அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். "ஒங் கொரலு நல்லாத்தாண்டி இருக்கு." அப்புறம், "இடிச்சத எங்கடி காணோம்?"

ஜூலை 13
வீடியோவை எடுத்துவிடச் சொன்னேன். பதில்: "சுபாம்மா, இந்தக் கோபம்தான் நீ கூடவே தூக்கிட்டு வந்த சிட்டி. மூச்சைக் கவனி."

கவனிச்சேன். மூச்சு முழுக்கக் கோபம்தான்!

அவருக்குத் தென்னந்தோப்புல உக்காந்து சொல்றது ஈஸி. இங்க சத்தம் இல்ல, ஏன்னா ஆளே இல்ல. கேம்புல பாதிப் பேருக்கு வீடே கிடைக்கல. அங்க கண்ண மூடினா அம்மா பத்து நிமிஷத்துல வந்துரும்னு தெரியும். இங்க மூடினா அம்மா எந்த பஸ்ல நிக்குதோன்னு ஓடுது. இதைத்தானே கேட்டேன்?

ஜூலை 14
லைவில் தொள்ளாயிரம் பேர். வெட்டாத வாய்ஸ் நோட்டின் லிங்கைச் சாட்டில் மேலே பின் பண்ணினேன். ஒருத்தர் கேட்டார்: "அண்ணா, வீட்ட இடிச்சாங்களாமே, நீங்க சொல்லவே இல்லயே?"

அண்ணா கண்ணை மூடிக்கொண்டார்.

நாலு நிமிடத்தில் என்னைச் சேனலிலிருந்தே தூக்கிவிட்டார்கள்.

ஜூலை 15
அழுதேன். வெக்கமா இருக்கு, இவருக்காகவா?

ஜூலை 20
வீடியோ இன்னும் இருக்கிறது.

கேம்பில் கூட இருந்த, வீடு கிடைக்காத லீலாவதி அக்கா இன்று பஸ் பிடித்து வந்தார். "உன் வாய்ஸ் நோட்டு கேட்டேன்டி. என்னையும் ரெக்கார்ட் பண்ணு. வெட்டுன, ஒதப்பேன்." தரையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். பேசினார், நிறுத்தினார், திட்டினார், மறுபடி பேசினார். அவர் முடித்தபோதுதான் பார்த்தேன், நான் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம்.

எழுந்தால் கால் மரத்துப்போயிருந்தது.