எரியாத மீட்டர் லைட்

செப்டம்பர் 9, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். எட்டாம் வகுப்புத் தாள் பாதி திருத்தியாயிற்று. தலைவலி.

சாயங்காலம் வழக்கம்போல வீட்டுக்காரரை ஷெட்டுக்குக் கூட்டிப்போய் காரில் உட்கார வைத்தேன். பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு மிஞ்சிய ஒரே ஆறுதல் இந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே சீட். ஏலகிரியில் ஒருவரிடம் வாங்கி, ஷூ கம்பெனி வேலை முடிந்து வந்து, அவரே பிரித்துப் பிரித்துச் சேர்த்தது. ஓட்ட ஆளில்லை. நான் லைட் ஸ்விட்சைப் போடுவேன், மீட்டரெல்லாம் பச்சையாக ஒளிரும், இடது சீட்டில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நேரம் மட்டும் அழுகை இல்லை.

இன்று மீட்டர் எரியவில்லை. முன் லைட் எரிகிறது, பின் லைட் எரிகிறது. உள்ளே மட்டும் இருட்டு.

அழுதார். இட்லி அப்படியே இருக்கிறது.

செப். 10, செவ்வாய்

மழை வரும்போல் இருந்தது, வரவில்லை.

யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர். பேசியது பாதி புரியவில்லை. அவருடைய கார் வேறு மாதிரி.

ஸ்க்ரூடிரைவரோடு நான் காருக்குள். பக்கத்தில் இவர்.

“ஃபியூஸாங்க?”

“ஆமா.”

“பல்பா?”

“ஆமா.”

“ஒயர் போயிருக்குமா?”

“ஆமா!”

அவருக்கு மிச்சம் அந்த ஒரு வார்த்தைதான். வேண்டாம் என்பதற்கும் அதுதான், தண்ணீருக்கும் அதுதான். போகப்போகக் குரல் ஏறியது. இந்தக் காரின் ஒவ்வொரு ஒயரும் தெரிந்த மனுஷன். அவரால் எனக்குச் சொல்ல முடியவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

செப். 12, வியாழன்

அரை நாள் லீவு. ஹெட்மாஸ்டர் முகம் சரியில்லை.

பஜார் மெக்கானிக் கவுஸ் பாய் வந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே மல்லாந்து படுத்தார்.

“மீட்டருக்கும் பின் லைட்டுக்கும் ஒரே ஃபியூஸ்தான். பின் லைட் எரியுதே டீச்சர், அப்ப ஃபியூஸ் நல்லாத்தான் கீது. பல்பு எல்லாம் ஒரே நாள்ல போவாது.”

ஒரு பல்பைக் கழற்றி பேட்டரியில் வைத்துக் காட்டினார். எரிந்தது. பிறகு ஒயர்களை இழுத்துப் பார்க்க ஆரம்பித்தார். நாற்காலியில் இருந்து இவர், “ஆமா! ஆமா!” என்று கத்தினார். சரி என்கிறார் என்று நினைத்து கவுஸ் பாய் இன்னொன்றையும் இழுத்துவிட்டார். பெட்ரோல் முள் செத்துவிட்டது.

“தொட்டா உதிருது டீச்சர். இன்னும் கை வெச்சா பேஜாராய்டும். சார் பேச ஆரம்பிச்சதும் கூப்பிடுங்க, வர்றேன்.”

பேச ஆரம்பித்ததும்.

செப். 13, வெள்ளி

வேலூர். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி. பயிற்சி தருகிற பெண் கப் படத்தைக் காட்டி, “இது இன்னா சார்?” என்றாள். “ஆமா.” சாவி படம். “ஆமா.” என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: “பேச்சு கம்மியாத்தான் வருது மேடம். ஆனா நாம பேசறது எல்லாமே அவருக்குப் புரியுது.”

நல்ல செய்தி மாதிரி சொன்னாள். வராந்தாவில் நின்று அழுதேன். எல்லாம் புரிந்துகொண்டு உள்ளேயே கிடக்கிறார்.

திரும்பும்போது பள்ளிகொண்டாவில் டீ. அவர் குடிக்கவில்லை.

மகள் சென்னையிலிருந்து போன். “அந்த வண்டிய யாருக்காவது குடுத்துடும்மா. நீயும் விழுந்துடாதே.” பார்க்கலாம் என்றேன். பக்கத்தில்தான் இருந்தார்.

வாங்க: மாத்திரை, டயப்பர், கோதுமை மாவு.

செப். 14, சனி

மேகம். துணி மாடியில்.

எரியாவிட்டாலும் காரில் உட்கார வேண்டும் அவருக்கு. உட்கார்ந்ததும் நல்ல கையை என் குறுக்கே ஸ்டியரிங் பக்கம் நீட்டுகிறார். எல்லா நாளும் இதே. ஓட்டப் பார்க்கிறார் என்று பயந்து நானும் கையை எடுத்து அவர் மடியில் வைப்பேன். இன்று எடுக்கத் தெம்பில்லை. லைட் எரிய சாவி வேண்டாம்; அதைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டு, “சரி, வாங்க” என்றேன்.

டிரைவர் சீட்டுக்கு மாற்றுவதற்குள் ரெண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. வலது காலை நான்தான் தூக்கி வைத்தேன். உட்கார்ந்ததும் ஸ்டியரிங்கைத் தொடவேயில்லை. இடது கை டேஷ்போர்டுக்கு அடியில் தடவிக்கொண்டே போய் ஒரு சின்னத் திருகில் நின்றது. மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திருகினார். லைட் ஸ்விட்சைக் காட்டினார். போட்டேன்.

ஒரு மினுக்கு. போய்விட்டது. அழுத்திப் பிடித்தார். எரிந்தது.

“இதுதானாங்க?”

“ஆமா.”

இந்த ஆமா, ஆமாதான்.

உள்ளே தேய்ந்திருக்கிறது போல. விட்டால் அணைகிறது. பிடித்துக்கொண்டே இருந்தார். அவர் விரலுக்கு மேல் என் விரலை வைத்து அழுத்தினேன். மெல்லக் கையை இழுத்துக்கொண்டு சாய்ந்தார். பச்சை வெளிச்சம் முகத்தில்.

மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டு மேரி அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, “டீச்சர், துணி! துணி நனையுது!” என்று கத்தினார்.

நான் கையை எடுக்கவில்லை.