சுவரில் தொங்கிய என் கையெழுத்து

இன்று காலை ஒருவர் உரச்சாக்கில் நான்கு கோழிகளைக் கொண்டுவந்தார். மூன்று செத்திருந்தன. ஒன்று சாகக் காத்திருந்தது. அறுத்தேன். ஈரலின் மேல் ஆறிய பாலாடைபோல் மஞ்சள் படலம். இருதயத்தின் மேலும் அதுவே. நாமக்கல்லில் இந்தக் கோழி ஆய்வகத்துக்கு வந்த நாளிலிருந்து நான் பார்ப்பது இதைத்தான். வாடை பழகிவிட்டதென்றுதான் நினைத்திருந்தேன். நீ போன பிறகு மறுபடியும் குமட்டுகிறது.

வந்தவர் சென்ற வாரம் நான் கொடுத்த ரிப்போர்ட்டையும் நீட்டினார்.

“ஏனுங் மேடம், மருந்து ஒன்னு மட்டுந்தான் போட்டிருக்கறீங்க. அந்தப் பெரிய லிஸ்டு எங்கீங்க?”

“இந்த நோவுக்கு அது ஒன்னு போதுங்க.”

“டெஸ்டு எடுத்தா முழுசாக் குடுக்கோணுமல்லங்க? முன்னாடியெல்லாம் குடுத்தீங்களே!”

முன்பு கொடுத்தேன். அவர் போனதும் முழங்கைவரை மூன்று முறை கழுவிக்கொண்டேன்.

சேலத்தில் நீயும் நானும் ஒரே கல்லூரியில் விலங்கியல் படித்தோம். நான் நுண்ணுயிரியலுக்குப் போனேன். நீ கல்யாணமாகி நாமக்கல் பக்கம் தோட்டத்து வீட்டுக்கு வந்தாய். உன் வீட்டுக்காரர் லாரியோடு வடக்கே போய்விட, பண்ணையை நீதான் நடத்தினாய். ஒரு கோடையில் கோழிகள் மடியத் தொடங்கியபோது என்னைத் தேடி வந்தாய். கிருமியை வளர்த்து, எந்தெந்த மருந்துக்கு அது சாகிறது என்று வரிசையாகச் சோதித்து, முழுப் பட்டியலையும் ரிப்போர்ட்டாக எழுதினேன். சாகும் மருந்துக்கு நேராக எஸ். கிருமி தாங்கிக்கொள்ளும் மருந்துக்கு நேராக ஆர். உன் கோழிகள் பிழைத்தன.

நான்கு வருடங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் பண்ணைக்கு வந்தேன். தீவன அறையில் ஆணியில் என் ரிப்போர்ட் தொங்கியது. லேமினேஷன் செய்து, ஓரத்தில் துளையிட்டு, கயிறு கட்டி.

“வா, ரிப்போட்டம்மா! உன்ற கையெழுத்து அழிஞ்சு போயிருமுன்னு கண்ணாடிக் காயிதம் போட்டு வெச்சிருக்கறேன் பாரு.”

“இது அன்னைக்குச் செத்த கோழிக்குடி. இன்னுமா இதப் பாத்து மருந்து ஊத்தற?”

“ஏன், அதே கொட்டாயி, அதே தண்ணிதான?”

“கிருமி மாறிரும்.”

“மாறி மாறிப் போறதுக்கு அதென்ன ராசிபுரத்து பஸ்ஸா?”

பேசிக்கொண்டே தொட்டித் தண்ணீரில் வெள்ளை மருந்துத் தூளைக் கொட்டி, கையை முழங்கைவரை விட்டுக் கலக்கினாய். ஷெட்டில் ஒரு கோழிக்கும் நோய் இல்லை. “வரதுக்கு முன்னாடியே ஒரு ரவுண்டு குடுத்துட்டா நிம்மதிடி” என்றாய். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அதே கையால் எனக்கு முறுக்கு உடைத்துக் கொடுத்தாய். நான் தின்னவில்லை. நீ தின்றாய். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் அந்த ரிப்போர்ட்டைப் படமெடுத்துப் போனதைப் பெருமையாகச் சொன்னாய்.

அன்றைக்கே அதைக் கழற்றியிருக்க வேண்டும். கழற்றவில்லை. என் அருவருப்பு உன் கையோடு நின்றுவிட்டது. ஆணியில் தொங்கிய காகிதத்தின்மேல் வரவில்லை. உண்மையைச் சொன்னால், என் பெயரை யாரோ இவ்வளவு பத்திரப்படுத்தியது எனக்குப் பிடித்திருந்தது.

இதே இனக் கிருமி மனிதர் உடம்புக்குள் எப்படிப் போகிறதென்று ஒருமுறை கேட்டாய். அதன் உடலெங்கும் மெல்லிய இழைகள் என்றேன். அவற்றால் சிறுநீர்ப்பையின் சுவரைப் பற்றிக்கொள்ளும். அங்குள்ள செல் அதைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளேயே அது பெருகும், செல் உடையும், வெளியே வந்து அடுத்ததைப் பற்றும். மருந்தைத் தாங்கும் வித்தை கிடைத்துவிட்டால், பக்கத்துக் கிருமிக்கும் அதைச் சிறு மரபுப்பொருள் வளையமாகக் கொடுத்துவிடும்.

“சம்பந்தி ஊட்டுக்குச் சீர் வெக்கற மாதிரியா? நம்ம சனத்தவிடத் தாராளமாத்தான் இருக்குது” என்று சிரித்தாய்.

போன வருடம் உனக்கு நீர்க்கடுப்பு வந்தது. கடையில் மாத்திரை வாங்கி மூன்று நாள் போட்டு, சரியானதும் நிறுத்தினாய். மறுபடி வந்தபோது அது சிறுநீரகத்துக்கு ஏறி, ரத்தத்தில் கலந்திருந்தது. சேலத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதே ஊரில் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியிலிருக்கும் என் வீட்டிலிருந்து நடந்தே வந்துவிடுவேன். உன் ரத்தத்தில் வளர்ந்த கிருமியின் ரிப்போர்ட் வந்த அன்று, முதலில் நீதான் அதைக் கையில் வாங்கினாய். ஆர், ஆர், ஆர் என்று விரலால் தடவிக்கொண்டே கீழே போனாய். கடைசி வரியில் விரல் நின்றது. வேறெந்த மருந்துக்கும் கேட்காதபோது மட்டும் மனிதருக்குப் போட வைத்திருக்கும் மருந்து அது. அதற்கு நேராகவும் ஆர்.

“ஏண்டி, இந்தப் பேரு நம்ம தொட்டியில ஊத்தறதுதான?”

“பேசாமத் தூங்கு” என்றேன்.

“உன்ற லிஸ்டுல இருந்ததுதான? எஸ்ஸுன்னு போட்டிருந்தயே.”

அதன்பின் ஆறு நாட்கள். பேருந்து நிறுத்தத்தில் உன் சிரித்த முகத்தோடு ஃப்ளெக்ஸ் கட்டினார்கள்: இயற்கை எய்தினார். இயற்கையாம். எனக்குக் காறித் துப்பத் தோன்றியது.

உன் பண்ணையிலிருந்துதான் அது உனக்கு வந்ததென்று என்னால் நிரூபிக்க முடியாது. கடை மாத்திரை காரணமாக இருக்கலாம், ஆஸ்பத்திரியே காரணமாக இருக்கலாம். நிரூபிக்க முடியாததைச் சொல்லும் வழக்கம் எனக்கில்லை. ஆனால் நிரூபிக்க முடியாது என்ற அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்பவர்களைப் பார்க்கிறேன். மருந்து விற்பவர், வாங்குபவர், ரிப்போர்ட் எழுதுபவர். மூவர் மேலும் அதே வாடைதான் வீசுகிறது.

பதினாறாம் நாள் உன் பண்ணைக்குப் போய் அந்த ரிப்போர்ட்டைக் கழற்றினேன். பின்பக்கம் பல்லி முட்டைகள் ஒட்டியிருந்தன. ஷெட்டின் பின்னால் எச்சமும் ஈயுமாய் ஓடும் சாக்கடையிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டேன். பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ்கள் இப்படிப்பட்ட இடங்களில்தான் கிடைக்கும். அவை கிருமியின் மேல் அமர்ந்து, உறையைத் துளைத்து, தம் மரபுப்பொருளை உள்ளே செலுத்தி, பெருகி, அதை உடைத்துக்கொண்டு வரும். மருந்தில்லாத நோய்க்கு இவற்றை மருந்தாக்கப் பல இடங்களில் முயல்கிறார்கள். நான் பெரிதாக நம்பவில்லை. ஆய்வகத்தில் கொல்வதெல்லாம் உடம்பில் கொல்வதில்லை.

இருந்தாலும் உன் மகளிடம் கேட்டு, அவள் கையெழுத்தோடு, ஆஸ்பத்திரி ஆய்வகத்திலிருந்து உன் கிருமியை வாங்கினேன். அதற்கான உணவு பூசிய தட்டில் படர விட்டு, வடிகட்டிய சாக்கடை நீரைச் சொட்டு விட்டேன். பல முறை ஒன்றும் நடக்கவில்லை. சென்ற மாதம் ஒரு தட்டில், படர்ந்த கிருமிக்கு நடுவே, கடுகளவு வெறுமை தெரிந்தது. அங்கே மட்டும் அது செத்திருந்தது. அதற்குமேல் இன்னும் எதுவும் தெரியாது.

தெரிந்துகொள்ள வேண்டுமானால் உன் கிருமி சாகாமல் இருக்க வேண்டும். அதனால் இன்றும், அந்தக் கோழிகளைப் புதைக்க அனுப்பிவிட்டு, குளிர்பெட்டியிலிருந்து குழாயை எடுத்தேன். மூடியைத் திறந்ததும் மலத்தின் வாடை. மூச்சை அடக்கிக்கொண்டு தட்டிலிருந்த புதிய உணவின் மேல் அதைக் கம்பியால் இழுத்துவிட்டு, உன் பெயரின் முதலெழுத்தை எழுதி உள்ளே வைத்தேன். உன் உடம்பிலிருந்து உயிரோடு என்னிடம் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். நான்தான் அதற்குச் சோறு போடுகிறேன்.